தண்ணீர் எங்கே போய் இறங்கும்? மண் ரோட்டு ஓரக்கால்வாயும் டிராக்டரும்

மண் ரோடு குண்டும் குழியுமானால் ஊரில் முதலில் திட்டு வாங்குவது ஜல்லி லாரி, அடுத்தது கரும்பு ஏற்றிவந்த டிராக்டர். சுமைக்கும் அதில் பங்கு உண்டுதான். ஆனால் அதே லாரி அதே ரோட்டில் சித்திரையில் போனால் புழுதி பறக்குமே தவிர தடம் விழுவதில்லை. ஐப்பசியில் போனால் அச்சுவரை இறங்குகிறது. நடுவில் மாறியது மண்ணின் ஈரம் ஒன்றுதான். ஸ்காட்லாந்துக்காரரான ஜான் மெக்காடம் 1816இல் வெளியிட்ட நூலில் அடித்துச் சொன்னது இதைத்தான். பாரத்தைத் தாங்குவது அடியில் கிடக்கும் மண். அதை ஈரம் ஏறாமல் காத்தால் எந்த வண்டியையும் அது சுமக்கும் என்றார். பிற்காலத்தில் தார் ரோட்டுக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் போட்ட ரோட்டில் தாரே கிடையாது.

எவ்வளவு தண்ணீரை விலக்கியாக வேண்டும்? ஒருவழி கிராமச் சாலையின் வழக்கமான ஓடுபாதை அகலம் 3.75 மீட்டர். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு, ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை கொட்டினால், ரோட்டின் மேல் மட்டும் விழுவது 1,87,500 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி பதினைந்துக்கு மேல். மேட்டு நிலத்திலிருந்து இறங்கி வருவது இதில் சேராது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிடைக்கிறது, அதிலும் பெரும்பங்கு சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அந்தச் சில நாள்களுக்காகத்தான் ரோட்டின் இரு ஓரத்திலும் கால்வாய் வெட்டுகிறோம். மீதி நாள்களில் அது குப்பை கொட்டவும் ஆடு மேயவும் ஆகிறது, சீமைக்கருவேலம் முளைக்கவும் இடம் கொடுக்கிறது.

இந்தக் கால்வாயை யார், எதை வைத்துப் பராமரிப்பது என்பதில் உலகம் ஒருமித்த முடிவுக்கு வந்ததில்லை. ஆள் வைத்து வெட்டுவது ஒரு வழி. கென்யாவில் 1974இல் தொடங்கிய கிராம அணுகுசாலைத் திட்டம் அதை நாட்டளவில் செய்து காட்டியது. ரோட்டோரம் குடியிருக்கும் ஒருவரிடமே குறிப்பிட்ட நீளத்தை ஒப்படைத்துச் சிறுகச் சிறுகப் பராமரிக்கச் சொல்லும் முறையும் அங்கே வேரூன்றியது. இந்தியாவில் 2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் ஒப்பந்தக்காரருக்கு இடம் தரவில்லை; ஆள்களின் வேலையைப் பறிக்கும் இயந்திரங்களை இயன்றவரை தவிர்க்கவும் சொன்னது. செலவில் 60 பங்கு கூலிக்கு, 40 பங்கு பொருளுக்கு என்று கணக்கும் வைத்தது. மண்வெட்டிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அடைந்த இடத்தை மட்டும் எடுக்கும், புல் பிடித்த கரையைத் தொடாது. ஆனால் ஒரே வாரத்தில் நாலு கிலோமீட்டர் ஆக வேண்டும் என்றால் மண்வெட்டியால் முடியாது.

இன்னொரு முனையில் மோட்டார் கிரேடரும் பொக்லைனும். நெடுஞ்சாலைத் துறைக்கு அவை சரி. ஓர் ஊராட்சிக்கு அவற்றை ஏற்றிக்கொண்டு வரும் செலவே கட்டுப்படியாகாது. இரண்டுக்கும் நடுவில்தான் டிராக்டர். அமெரிக்காவின் மிசூரியில் வார்டு கிங் என்ற விவசாயி, பிளந்த மரக்கட்டை இரண்டை இணைத்துக் குதிரை பூட்டித் தன் வீட்டெதிர் ரோட்டில் இழுத்துப் பார்த்தார். மழை விட்டு மண் இளகியிருக்கும்போது ஓர மண்ணை நடுவுக்குத் தள்ளிவந்தால் ரோடு முதுகு கட்டித் தண்ணீரை இரு பக்கமும் வழியவிடும் என்று கண்டார். நம் வயலில் சேறு மட்டம் பண்ணும் பரம்புப் பலகை போலத்தான் அந்தக் கருவியும். 1908இல் அமெரிக்க வேளாண்மைத் துறை அவர் எழுதியதை விவசாயிகளுக்கான தன் வெளியீட்டு வரிசையில் 321ஆம் எண்ணாக அச்சிட்டது. 1939இல் ஃபோர்டு–ஃபெர்குசன் டிராக்டர் ஹைட்ராலிக் தூக்கியையும் மூன்று புள்ளி இணைப்பையும் பரவலாக்கிய பிறகு, அதே வேலை பின்னால் மாட்டும் பிளேடுக்கு வந்தது. ஜிம்பாப்வே டிராக்டர் இழுக்கும் கிரேடர்களை மாவட்டச் சாலைகளில் ஓட்டியது. சாகுபடி ஓய்ந்த காலத்தில் சும்மா நிற்கும் டிராக்டர் எந்த நாட்டு ஊரிலும் உண்டு என்பதுதான் இதன் பலம்.

இத்தனை அனுபவத்தையும் புரட்டிப் பார்த்தால் ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. டிராக்டரால் பராமரித்த கால்வாய் கெட்டுப்போவது பெரும்பாலும் வெட்டு போதாததால் நடப்பதில்லை. வெட்டிய கால்வாய்க்கு வாய் இல்லாததால் நடக்கிறது. எங்கே தண்ணீர் ரோட்டைவிட்டு விலகிப் போய்ச் சேரும் என்று முடிவு செய்யாமல் முதல் கியர் போட்டவர்கள், ஒரு நீண்ட குட்டையை வெட்டியிருக்கிறார்கள். சரிவான ஊரென்றால் ஓர் ஓடையை வெட்டியிருக்கிறார்கள்.

வேலையைக் கிட்டத்தில் நின்று பார்ப்போம். கால்வாய் இடப்பக்கம். டிராக்டர் ரோட்டின் ஓரத்தில், ரோட்டுக்கு இணையாக. வலப்பக்கத் தூக்குத் தண்டைத் திருகிச் சுருக்கினால் பிளேடின் இடது நுனி தாழும். அதே இடது நுனி முன்னே வரும்படி பிளேடைச் சாய்த்து வைத்தால், நுனி கால்வாயின் உள்சரிவைச் சீவ, மண் பிளேடு நெடுக உருண்டு வலப்பக்கம், ரோட்டோரத்தில் வந்து விழும். இது முதல் ஓட்டம். அடுத்த ஓட்டத்தில் பிளேடை மட்டமாக்கி அந்த மண்வரிசையை நடுமுதுகுக்கு நகர்த்த வேண்டும். பெரும்பாலான ஊர்களில் முதல் ஓட்டத்தோடு வண்டி வீட்டுக்குப் போய்விடுகிறது. ரோட்டின் ஓரத்தில் ஒரு முழங்கை உயரம்கூட இல்லாத மண்வரப்பு நெடுக நிற்கிறது. பார்க்க அழகாக, வேலி கட்டினாற்போல இருக்கும். மழை வந்ததும் ரோட்டுத் தண்ணீர் அந்த வரப்பில் முட்டிக் கால்வாய்க்குள் இறங்க முடியாமல் ரோட்டிலேயே நீளவாக்கில் ஓடும். பக்கத்தில் கால்வாய் காய்ந்து கிடக்க, ரோடு கால்வாயாகியிருக்கும். தெற்கு டக்கோட்டாவின் கென் ஸ்கோர்செத்தும் அலி செலிமும் 2000இல் எழுதிய கிராவல் ரோடு கையேடு, இந்த ஓர வரப்பைத் தனியாக எடுத்துப் பேசுகிறது. வட அமெரிக்காவின் ஊராட்சி அமைப்புகள் பல இன்றும் பின்பற்றும் கையேடு அது.

நம் ஊரில் பின்பக்க பிளேடு அரிது. இருப்பது முன்னால் மாட்டும் டோசர், சட்டிக் கலப்பை, கொத்துக் கலப்பை, பார் கலப்பை. டோசர் வயலை மட்டம் பண்ணத்தான் லாயக்கு. நேராகத் தள்ளுமே தவிர ஓரமாக ஒதுக்காது. சட்டிக் கலப்பை மண்ணை வலப்பக்கம் புரட்டும். கால்வாயை இடப்பக்கம் வைத்து மெதுவாக ஓட்டினால் மண் ரோட்டுப் பக்கம் விழும், பிறகு மண்வெட்டியால் சரிவைத் தட்டிவிடலாம். கொத்துக் கலப்பையை மட்டும் கால்வாய்க்குள் இறக்கவே கூடாது என்பேன். அது மண்ணைக் கிளறிப் போட்டுவிட்டு நகரும். முதல் மழை அந்தப் பொடிமண்ணை அள்ளிக்கொண்டு போய் அடுத்த சிறுபாலத்தின் குழாயில் திணிக்கும்.

கையில் இருப்பது எந்தக் கருவியானாலும் முதலில் ரோட்டின் முதுகைப் பார்க்க வேண்டும். மண் ரோட்டுக்கு 4 முதல் 5 சதவீதம் குறுக்குச் சரிவு வேண்டும் என்கின்றன இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிகள். 3.75 மீட்டர் ரோட்டில் 5 சதவீதம் என்றால் நடுப்பகுதி ஓரத்தைவிட ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்திருக்க வேண்டும். ஒரு கயிறும் மட்டக்குழாயும் போதும் அளக்க. முதுகு தேய்ந்த ரோட்டில் கால்வாயை எவ்வளவு தூர்வாரினாலும் தண்ணீர் அங்கே போய்ச் சேராது.

அடுத்தது ஆழம். “ஆழமா வெட்டுனாத்தானே சார், வேலை பாத்த மாதிரி தெரியும்?” என்று ஒரு டிராக்டர் ஓட்டுநர் கேட்டார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பார்ப்பவரும் ஆழத்தைத்தான் பார்க்கிறார்கள், பில் பாஸ் செய்பவரும் ஆழத்தைத்தான் பார்க்கிறார். கால்வாயின் அடி, ரோட்டுப் படுகையைவிட ஓர் அடி தாழ்ந்திருந்தால் பொதுவாகப் போதும். அதற்குமேல் ஆழப்படுத்தினால் கரை செங்குத்தாகிறது, செங்குத்தான கரை இடிந்து விழுகிறது, ரோட்டின் ஓரம் அதோடு சேர்ந்து போகிறது. ரோட்டுப் பக்கக் கரை, ஓர் அடி இறங்க மூன்று அடி படுக்க வேண்டும். புல்லும் பிடிக்கும், தவறி இறங்கிய சைக்கிளும் ஏறிவரும். அகலத்துக்கு இடமில்லை என்பதுதான் நம் ஊரின் நிரந்தர பதில். ஏன் இடமில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஆழத்தைவிட ஆபத்தானது வேகம். ஃபோர்ட்டியரும் ஸ்கோபியும் 1926இல் தொகுத்த அளவுகள் இன்றும் நீர்ப்பாசனப் பொறியியலில் புழங்குகின்றன. நுண்மணல் கால்வாயில் தெளிந்த நீர் விநாடிக்கு 0.46 மீட்டரைத் தாண்டினால் அரிக்கத் தொடங்கும், கெட்டியான களிமண் 1.14 மீட்டர் வரை தாங்கும். ஆள் சாவகாசமாக நடக்கும் வேகத்துக்கும் குறைவானது முதல் அளவு. மொட்டையாக வழித்துவிட்ட செம்மண் கால்வாயில், சரிவு கொஞ்சம் கூடினாலும் அதைத் தாண்டிவிடும். அதனால்தான் புல். அருகம்புல் பிடித்த கால்வாய் சற்று மெதுவாக ஓடும், ஆனால் இடம் மாறாமல் இருக்கும். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலம் 2018இல் கொண்டுவந்த ஊராட்சிச் சாலை விதியில், சரிவு 5 சதவீதத்துக்குள் என்றால் புல் போதும், 8 சதவீதம் வந்துவிட்டால் கல் பாவியே ஆக வேண்டும். கனடாவின் கியூபெக் இன்னொரு படி போய், கால்வாயின் அடிப்பகுதி மூன்றில் ஒரு பங்கை மட்டும் தூர்வாரி, மேலே இருக்கும் இரண்டு பங்குச் சரிவைப் புல்லோடு அப்படியே விட்டுவிடும் முறையைப் பரிந்துரைக்கிறது. வேலையும் குறைவு, அரிப்பும் குறைவு. “சுத்தமாக வழித்துவிட்டோம்” என்று பெருமைப்படும் நம் பழக்கத்துக்கு நேர் எதிரானது இது. எனக்குத் தெரிந்து, ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லாமல் நாளைக்கே இங்கு எடுத்துக்கொள்ளக்கூடிய முறையும் இதுதான். சீமைக்கருவேலத்தையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் மட்டும் வேரோடு எடுக்க வேண்டும். புல்லை டிராக்டரில் மாட்டிய வெட்டுக்கருவியால் நுனி சீவினால் போதும்.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருவோம், தண்ணீர் எங்கே போகும்? பென்சில்வேனியாவில் 1990களில் மீன்பிடிப்போர் அமைப்பைச் சேர்ந்த தன்னார்வலர்கள், ஓடைகள் சேறாவதற்குக் காரணம் தேடிப்போய் மண் ரோடுகளில் முட்டினார்கள். 1997இல் அதற்கென்றே ஆண்டுக்கு 50 லட்சம் டாலரில் ஒரு மாநிலத் திட்டம் பிறந்தது, பின்னர் தொகை பல மடங்கானது. அந்தத் திட்டம் சொல்லிக்கொடுத்த பாடம், ஓரக்கால்வாயைக் கடைசித் தீர்வாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது. முடிந்த இடத்திலெல்லாம் ரோட்டை உயர்த்தித் தண்ணீரைப் பரவலாகப் பக்கத்து நிலத்தில் வழியவிடுங்கள். முடியாத இடத்தில் கால்வாய் வெட்டுங்கள், ஆனால் அடிக்கடி திறந்துவிடுங்கள். கால்வாய் நீளமாக நீளமாக அதில் சேரும் தண்ணீரும் கூடும், வேகமும் கூடும். நூறு மீட்டரில் திறந்துவிட்டால் சாதுவாகப் போகும் நீர், ஆயிரம் மீட்டர் ஓடவிட்டால் சிறுபாலத்தையே பெயர்க்கும்.

ஆப்பிரிக்கச் சாலைக்காரர்கள் திறந்துவிடும் இந்தக் கிளைக்கு நல்ல பக்குவம் வைத்திருக்கிறார்கள். ரோட்டிலிருந்து 30 முதல் 45 பாகை விலகிப் போக வேண்டும், அடி லேசான சரிவில் இறங்க வேண்டும், கிளை தொடங்கும் இடத்துக்குச் சற்றே கீழே ஓரக்கால்வாயைக் கெட்டியாக மண் போட்டு அடைக்க வேண்டும். அந்த அடைப்பு இல்லாவிட்டால் தண்ணீர் பழைய வழியிலேயே போய்விடும். செங்குத்துச் சரிவில் கிளைகள் நெருக்கமாக வேண்டும், அரிப்புக்காக. ஏறக்குறைய மட்டமான இடத்திலும் நெருக்கமாக வேண்டும், வண்டல் படிந்து தூர்ந்துபோவதால். நடுத்தரச் சரிவில் இடைவெளி கூடலாம். கிளைக்கு இடமே இல்லாத இறக்கத்தில் குறுக்கே கல் வைத்துச் சின்னத் தடுப்பு கட்டுவார்கள். தடுப்பின் நடு தாழ்ந்தும் இரு ஓரம் உயர்ந்தும் இருக்க வேண்டும். மட்டமாகக் கட்டினால் தண்ணீர் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு கரையைக் கரைத்துவிடும்.

சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகம் உண்டு. அங்கே நிலத்தில் ஓடும் நீருக்குப் போக்கிடம் ஏற்கெனவே இருக்கிறது, ஊருணியும் கண்மாயும். ரோடு போட்டபோது பல வரத்துக்கால்கள் குறுக்கே வெட்டுப்பட்டன. ஓரக்கால்வாயின் கிளையை அந்த வரத்துக்காலில் சேர்த்துவிட்டால் ரோட்டுக்கு வடிகால், ஊருணிக்கு வரத்து. ஒரே டிராக்டர் ஓட்டத்தில் இரண்டும் ஆகும். ஒரு எச்சரிக்கை வேண்டும். குடிக்கும் ஊருணி என்றால் ரோட்டுக் கழிவும் எண்ணெயும் அதில் சேரக் கூடாது, முன்னால் ஒரு வண்டல் குழி வெட்டி நீரைத் தங்கவிட்டு அனுப்ப வேண்டும்.

மண்ணுக்கு மண் விதி மாறும். கரிசல் நனைந்தால் ஊதும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். ரோட்டை ஒட்டி ஆழக் கால்வாய் வெட்டினால் வெடிப்பு ரோட்டுக்குள் நுழையும். அங்கே கால்வாய் தள்ளி, அகலமாக, ஆழமில்லாமல் இருக்கட்டும். காவிரி டெல்டாவில் சரிவு கிடையாது, கால்வாயை வாருவதைவிட ரோட்டை உயர்த்துவதுதான் வழி. தூத்துக்குடித் தேரிக்காட்டில் கதையே தலைகீழ். மணல் பாதை ஈரமாக இருக்கும்போதுதான் கெட்டி, காய்ந்தால் சக்கரம் புதையும். அங்கே கால்வாய் வெட்டி ஈரத்தை வடிப்பது வேலையைக் கெடுப்பது.

வயல் வாசல்கள் ஒரு தனித் தொல்லை. ஒவ்வொரு வயலுக்கும் வண்டி இறங்கக் கால்வாயை மண் போட்டு மூடுகிறார்கள், மனசாட்சி உள்ளவர்கள் ஒரு சின்ன சிமெண்ட் குழாய் வைக்கிறார்கள். சின்னக் குழாய் ஒரே மழையில் சருகால் அடைபடும். குழாய்க்குப் பணமில்லை என்றால் கல் பாவிய பள்ளமாக, குட்டித் தரைப்பாலமாக விடுவது மேல். வண்டி குலுங்கி இறங்கும், தண்ணீர் தடையில்லாமல் போகும். ஓரத்தில் புதைத்த குடிநீர்க் குழாயும் இன்னொரு தொல்லை. 2019இல் ஜல் ஜீவன் திட்டம் தொடங்கியபின் ஊர் ஊராகப் பதித்த பிளாஸ்டிக் குழாய் பல இடத்தில் கால்வாயின் அடியிலேயே, கையளவு ஆழத்தில் கிடக்கிறது. பிளேடு இறக்குமுன் தண்ணீர் திறந்துவிடும் ஆபரேட்டரைக் கூட்டிவந்து குழாய் போகும் வழியில் சுண்ணாம்புக் கோடு போடச் சொன்னால் ஒரு வாரத் தண்ணீர்ப் பஞ்சம் மிச்சம்.

தோண்டியெடுத்த மண்ணை ரோட்டில் கொட்டலாமா? சரளை கலந்திருந்தால் கொட்டலாம், அது ரோட்டிலிருந்து போனதுதான். புல்வேரும் மக்கும் கலந்த கறுத்த மண் என்றால் கூடாது. அது தண்ணீரைப் பிடித்துவைத்துச் சகதியாகும். டிப்பரில் ஏற்றி வயலுக்குக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்பவர் இல்லை.

எப்போது செய்வது? சித்திரையில் மண் பாறை, கார்த்திகையில் கூழ். உழவுக்குப் பதம் பார்ப்பதுபோலத்தான் இதற்கும். கோடை மழை ஒன்று பெய்து, இரண்டு நாள் வெயில் பட்டபின் பிளேடு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போகும் என்று எழுதத் தோன்றுகிறது. உண்மையில் போகாது, ஆனால் கட்டி உடையும், வண்டி திணறாது. வடகிழக்குப் பருவமழைக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னதாக முடித்தால் சீவிய இடத்தில் புல் திரும்பப் பிடிக்கும். நடப்பது வேறு. முதல் வெள்ளம் வந்து, ஊர் மறித்து, அதிகாரி வந்து பார்த்தபின் ஐப்பசி நடுவில் மொட்டையாக வழிக்கிறார்கள். அடுத்த மழை அதை அள்ளிப்போகிறது.

ஓட்டுபவரின் உயிரும் கணக்கில் உண்டு. வயலில் நேராக ஓடும் டிராக்டர் கால்வாய்ச் சரிவில் ஒருக்களித்து ஓடுகிறது. புதிதாகக் கொட்டிய மண் கரை பாரத்தில் சரிந்தால் வண்டி கவிழும். சுவீடன் 1959இலேயே புது டிராக்டர்களுக்குக் கவிழ்வுக் காப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது, கவிழ்ந்து சாகும் ஓட்டுநர் எண்ணிக்கை அங்கே வெகுவாகக் குறைந்தது. நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் வெயிலுக்கு ஒரு தகரக் கூரை இருக்கும், அவ்வளவுதான். சக்கரத்தைக் கால்வாய்க்குள் இறக்காமல் ரோட்டில் நின்றே எட்டக்கூடிய அளவுக்கு வெட்டுவதும், மட்காடில் யாரையும் உட்காரவைக்காததும் ஓட்டுநர் கையில் இருக்கும் காப்பு.

இடமில்லை என்ற பதிலுக்கு வருகிறேன். பல ஊர்களில் வண்டிப்பாதை புறம்போக்கின் அகலம் புல வரைபடத்தில் ஒன்று, தரையில் வேறொன்று. யாரும் ஒரே நாளில் ஆக்கிரமித்ததில்லை. ஒவ்வோர் உழவிலும் கலப்பை ஒரு சாண் உள்ளே வந்து திரும்பியிருக்கிறது, கால்வாய் வயலாகியிருக்கிறது, அடுத்த கால்வாய் ரோட்டைத் தின்று வெட்டப்பட்டிருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள படத்தையும் புலக்கல்லையும் பார்க்காமல் டிராக்டரை இறக்கினால் தகராறு, பார்த்து இறக்கினாலும் தகராறு. பின்னதில் ஊராட்சி பேசுவதற்குக் கையில் காகிதம் இருக்கும். கிளை திறக்கும் இடத்துக்கும் இதே சிக்கல்தான். “என் வயல்ல எதுக்குய்யா ஊர்த் தண்ணிய விடுற?” என்ற கேள்விக்குப் பொறியியலில் பதில் இல்லை.

1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராமச் சாலையையும் சிறுபாலத்தையும் வடிகாலையும் பராமரிக்கும் பொறுப்பைக் கிராம ஊராட்சியிடம் கொடுத்திருக்கிறது. ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபைக் கூட்டம் 2022இல் ஆறாக உயர்ந்தது. அவற்றில் அக்டோபர் 2 கூட்டம் இந்த வேலைக்குப் பிந்திவிடும். ஆகஸ்ட் 15 கூட்டம்தான் பருவமழைக்குப் போதிய இடைவெளி விட்டு வருகிறது. அதில் போடும் தீர்மானத்தில் எத்தனை மணி நேர டிராக்டர் வாடகை என்று எழுதுவதற்குப் பதில், எந்த ரோட்டில் எத்தனை மீட்டர், எத்தனை கிளை, ஒவ்வொரு கிளையும் எந்தப் புல எண்ணில் போய் இறங்குகிறது, அந்த நிலத்துக்காரர் ஒப்புக்கொண்டாரா என்று எழுதலாம். மணிக்கணக்குக்குப் பணம் கொடுத்தால் ஆழம் கிடைக்கும். கிளைக் கணக்குக்குக் கொடுத்தால் ஓட்டுநரே நிலத்துக்காரரிடம் போய்ப் பேசி இடம் வாங்கிவருவார்.